பெயர் பிறகு சொல்லப்படும்

1996 ஆகஸ்ட் கடைசியில் சியாட்டில் மரினர்ஸ் அணி, மினசோட்டா ட்வின்ஸிடமிருந்து டேவ் ஹாலின்ஸ் என்ற ஆட்டக்காரரை வாங்கியது. சீசன் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. பதிலுக்கு யாரைக் கொடுத்தார்கள் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. "பெயர் பிறகு சொல்லப்படும் ஆட்டக்காரர் ஒருவர்", அவ்வளவுதான். பேஸ்பாலில் இதற்கு முறையான இடம் உண்டு. மளிகைக்கடையில் "மிச்சத்தை அப்புறம் தரேன், எழுதி வச்சுக்குங்க" என்று சொல்வோமே, அது மாதிரி. இரண்டு வாரம் கழித்துப் பெயர் வந்தது: டேவிட் அரியாஸ். டொமினிகன் குடியரசுப் பையன், இருபது வயது, விஸ்கான்சினில் மரினர்ஸின் கீழ்நிலை அணி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தான்.

ஹாலின்ஸ் வந்தும் மரினர்ஸுக்கு அந்த வருஷம் பிளேஆஃப் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் அவரும் வேறு அணிக்குப் போய்விட்டார். அந்தப் பையனோ மினசோட்டா போனதும் தன்னை ஆர்ட்டிஸ் என்று கூப்பிடச் சொன்னான். டொமினிகன் வழக்கப்படி அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர் இரண்டும் உண்டு. சியாட்டில்காரர்கள் கடைசியில் இருந்த அம்மா பெயரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். (அமெரிக்கா வந்த நாளிலிருந்து டாக்டர் ஆபீசில் என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இது நன்றாகப் புரிந்தது.) டேவிட் ஆர்ட்டிஸ் பிறகு பாஸ்டனுக்குப் போனார். 541 ஹோம் ரன், மூன்று உலகத் தொடர் வெற்றிகள், 2022-இல் ஹால் ஆஃப் ஃபேம். மரினர்ஸ் அணியிடம் அவர் இருந்த காலம், அவருக்குச் சரியான பெயர்கூட இல்லாத காலம்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். போயிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரினர்ஸ் அணி 1977-இல் பிறந்தது. அவர் அன்றிலிருந்து ரசிகர். நான் 2009-இல் சியாட்டிலுக்கு வடக்கே உள்ள பாத்தெலுக்குக் குடிவந்தபோது, கோடைச் சாயங்காலங்களில் அவர் வீட்டு கராஜ் கதவு திறந்திருக்கும், உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாளிலிருந்து வர்ணனை செய்துவந்த டேவ் நீஹாஸ் அப்போது உயிரோடு இருந்தார், அடுத்த வருஷம் நவம்பரில் போய்விட்டார். எனக்கு விளையாட்டின் ஒரு விதியும் தெரியாது. ஆனால் ரேடியோவில் விளையாட்டுக் கேட்பது தெரிந்த பழக்கம்தானே. போய் நின்றேன். ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

விதிகளை அவர் ஒழுங்காகச் சொல்லித் தந்ததே இல்லை. தந்ததெல்லாம் வயிற்றெரிச்சல்தான். நம் ஊரில் பாகப்பிரிவினையில் ஏமாந்த குடும்பங்கள் உண்டு. எந்த வருஷம், எந்தச் சர்வே நம்பர், எத்தனை சென்ட் என்று தலைமுறை தாண்டியும் சொல்வார்கள். இவர் அந்த மாதிரி சொல்வார். 1997 ஜூலை 31: ஹீத்கிளிஃப் ஸ்லோகம் என்ற ஒரு ரிலீஃப் பிட்சருக்காக பாஸ்டனுக்கு இரண்டு பையன்களைக் கொடுத்தது. ஒருவன் ஜேசன் வாரிடெக், இன்னொருவன் டெரிக் லோ. 2004-இல் பாஸ்டன் 86 வருஷம் கழித்துக் கோப்பையை எடுத்தபோது வாரிடெக்தான் கேட்ச்சர். அந்த வருஷ பிளேஆஃபில் மூன்று தொடர்களையும் முடித்து வைத்த மூன்று ஆட்டங்களிலும் வெற்றி பெற்ற பிட்சர் லோ. அதே அணியில் ஆர்ட்டிஸ். "நாங்க மூணு பேரையும் வளர்த்துக் கொடுத்தோம், அவங்க மோதிரம் போட்டுக்கிட்டாங்க" என்பார். அப்புறம் 2008: எரிக் பெடார்ட் என்ற பிட்சருக்காக பால்டிமோருக்கு ஐந்து பேர். அந்த ஐவரில் மூவர் பால்டிமோர் சட்டையில் ஆல்-ஸ்டாருக்குத் தேர்வானார்கள். அவர்களில் ஆடம் ஜோன்ஸ் ஐந்து முறை. பெடார்டுக்குத் தோள்வலி. சியாட்டிலில் அவர் ஜெயித்தது மொத்தம் 15 ஆட்டம்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்த வாசகருக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எல்.லில் சென்னை ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது நம் வீட்டு வாட்ஸாப் குழுக்களே கொதித்தன. பேஸ்பாலில் அது சர்வ சாதாரணமாக நடக்கிறது, உச்சம் ஜூலைக் கடைசி வாரம். பெரும்பாலான ஆட்டக்காரர்களை யாரும் சம்மதம் கேட்பதில்லை. பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்திருந்தால் மறுக்கலாம். அல்லது ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை எழுதி வாங்கியிருக்க வேண்டும். மற்றவர்கள் சாமான் கட்ட வேண்டியதுதான்.

ட்ரேட் ஒரு பக்கம். அதன் மறுபக்கம் ப்ராஸ்பெக்ட். நாளைக்கு நட்சத்திரமாகப் போகிற பையன் என்று சொல்லப்படுகிறவன்.

இதை எங்கள் வீட்டில் விளக்கியபோது என் மனைவி உடனே, "ஜாதகம்னு சொல்லுங்க" என்றாள். அதேதான். ஸ்கவுட்டுகள் ஒரு பையனுக்கு 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் சராசரி. அடிப்பது, பலம், ஓட்டம், பிடிப்பது, எறிவது என்று ஐந்து கட்டம். ஒவ்வொன்றிலும் இப்போது எவ்வளவு, பின்னால் எவ்வளவு வரும் என்று இரண்டு எண்கள். பத்தொன்பது வயதுப் பையனுக்கு 'வருங்கால பலம் 60' என்று எழுதியிருந்தால் குரு உச்சத்தில் இருக்கிற மாதிரி. ரசிகர்கள் அதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். தோற்றுக்கொண்டே இருக்கிற ஊரில் இதற்குப் பசி அதிகம். மரினர்ஸ் 2001-இல் 116 ஆட்டம் ஜெயித்தது. அது 1906 சிகாகோ கப்ஸின் சாதனைக்குச் சமம். அதற்குப் பிறகு 21 வருஷம் பிளேஆஃபே கிடையாது. நிகழ்காலம் இல்லாத இடத்தில் எதிர்காலத்தைத்தான் விற்க முடியும்.

விற்றார்கள். 2009 ட்ராஃப்டில் இரண்டாவதாக எடுத்த டஸ்டின் ஆக்லி. அதே ட்ராஃப்டில் 25-ஆவதாகப் போனவர் மைக் ட்ரவுட். 2010-இல் கிளிஃப் லீயைக் கொடுத்து வாங்கிய ஜஸ்டின் ஸ்மோக். அவர் சியாட்டிலில் திணறி, டொராண்டோ போய் 2017-இல் 38 ஹோம் ரன் அடித்தார். 2012-இல் மைக்கேல் பினேடாவைக் கொடுத்து யாங்கீஸிடம் வாங்கிய ஹெசூஸ் மொன்டேரோ. ஒரு வருஷம் எடை கூடிப் பயிற்சிக்கு வந்தார். அந்த வருஷமே மரினர்ஸின் சொந்த ஸ்கவுட் ஒருவர் அவருக்கு ஐஸ்கிரீம் சாண்ட்விச் அனுப்பிக் கேலி செய்ய, அவர் பேட்டோடு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நாடே சிரித்தது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை. பதினாறு பதினேழு வயதில் வெனிசுலாவிலிருந்து வந்த ஒருவன் முதுகில் ஊரே ஒரு ஜாதகத்தை ஏற்றிவிட்டு, அவன் தடுக்கி விழுந்ததும் தின்பண்டத்தை எறிந்தது.

இந்தப் பட்டியலில் எனக்கு நெருக்கமானவர் ஜாரெட் கெலனிக். 2018 டிசம்பரில் எட்வின் டியாஸ், ராபின்சன் கனோ இருவரையும் நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தபோது வந்த பரிசு, அப்போது வயது 19. அடுத்த வருஷம் டியாஸ் நியூயார்க்கில் சொதப்பினார், மெட்ஸ் ரசிகர்கள் கெலனிக் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். "எங்க பையனைக் கொடுத்துட்டீங்களே!" எங்களுக்குச் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் முதல்முறையாக ஒரு ட்ரேடில் ஜெயித்த முகத்தோடு நடமாடினார். 2021 மே மாதம் கெலனிக் வந்தார். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு ஹோம் ரன், இரண்டு டபுள். நாங்கள் கராஜில் கத்தியதில் எதிர்வீட்டு நாய் எழுந்துவிட்டது. அப்புறம் தொடர்ந்து 39 முறை ஒரு ஹிட் இல்லை. டகோமாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வருஷக் கடைசியில் சராசரி 0.181. அடுத்த வருஷம் இன்னும் மோசம். அதே 2022-இல் டியாஸ் மெட்ஸ் மைதானத்தில் டிரம்பெட் ஒலிக்க இறங்கி ஆளையெல்லாம் வீழ்த்திக்கொண்டிருந்தார். அங்கே இப்போது கெலனிக் பெயரை யாரும் சொல்லவில்லை. இங்கே வேறு மாதிரி சொன்னார்கள்.

2023 ஜூலையில் ஒரு ஸ்ட்ரைக்அவுட்டுக்குப் பிறகு அவர் தண்ணீர் கூலரை உதைத்துக் காலை உடைத்துக்கொண்டார். மறுநாள் நிருபர்கள் முன்னால் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். வயது 24. என் அலுவலகத்தில் 24 வயதில் வருகிற பையன்கள் புரொடக்‌ஷன் சர்வரைக் கவிழ்த்தால் பீட்சா வாங்கித் தருகிறோம். அந்த டிசம்பரில் அட்லாண்டாவுக்கு அவரைத் தள்ளிவிட்டார்கள். கூடவே, ஒரு பெரிய லீக் ஆட்டமும் ஆடுவதற்கு முன்னாலேயே ஆறு வருஷ ஒப்பந்தம் கொடுக்கப்பட்ட எவன் வைட்டும் போனார். ஜாதகத்தை நம்பி முகூர்த்தமும் வைத்துவிட்ட கேஸ் அது.

ஜாதகம் மறுபக்கமும் பொய்க்கும், அதையும் சொல்ல வேண்டும். 2018 ட்ராஃப்டில் மெட்ஸ் ஆறாவதாக எடுத்தவர் கெலனிக். மரினர்ஸ் அதே ட்ராஃப்டில் 90-ஆவதாக எடுத்தவர் கால் ராலி என்ற கேட்ச்சர். பெரிய பின்புறம், மெதுவான ஓட்டம். அவரைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை. 2022 செப்டம்பர் 30, கடைசி இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் 21 வருஷத் தரித்திரத்தை முடித்தது. 2025-இல் 60 ஹோம் ரன். கேட்ச்சர் ஒருவர் அதுவரை அவ்வளவு அடித்ததே இல்லை.

ரசிகர் கோபத்தில் ஒரு பாதி எனக்கு ஒப்புகிறது, ஒரு பாதி ஒப்பவில்லை. போனவனைத் திட்டுவதும் வராதவனைத் திட்டுவதும் பாசத்தின் வேறு முகம். அதில் எனக்குக் குறையில்லை. உறுத்துவது ரசிகர்கள் பேசக் கற்றுக்கொண்ட கணக்குப்பிள்ளை மொழி. 'கன்ட்ரோல்' என்று ஒரு சொல். "இவன்கிட்ட இன்னும் நாலு வருஷம் கன்ட்ரோல் இருக்கு, இப்பவே வித்தா நல்ல விலை" என்று மைதானத்தில் பீர் குடிக்கிறவர்கூடச் சொல்வார். ஓர் ஆட்டக்காரன் ஆறு வருஷம் சர்வீஸ் முடித்தால்தான் தன் விலையைத் தானே பேச முடியும். சர்வீஸில் 172 நாள் ஒரு வருஷம். 2015-இல் கப்ஸ் அணி, கிரிஸ் பிரையண்டை சீசன் தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் மேலே கூப்பிட்டது. வருஷக் கடைசியில் அவர் கணக்கில் 171 நாள். ஒரு நாள் குறைச்சல், ஒரு வருஷம் கூடுதல் கன்ட்ரோல். அவர் முறையிட்டார், 2020-இல் தோற்றார். 2021 பிப்ரவரியில் மரினர்ஸின் அப்போதைய தலைவரே ஒரு ரோட்டரி கூட்டத்தில் இளம் ஆட்டக்காரர்களை இந்தக் கணக்குக்காகக் கீழே வைத்திருப்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, அது வெளியே வந்து, சில நாளில் பதவி விலகினார். எல்லோரும் அறிந்த ரகசியம்தான். மைக் முன்னால் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

கர்ட் ஃப்ளட் பற்றி நான் படித்தது அந்த வருஷம்தான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 சீசன் ஆடியவர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு ட்ரேட் செய்தார்கள். போக மாட்டேன் என்றார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லீக் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார்: நான் வாங்கி விற்கிற சொத்து இல்லை என்பதுதான் சாரம். கறுப்பினத்தவர், அந்தக் காலத்தில் அதை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1972-இல் 5-3 என்று தோற்றார். அதற்குள் அவர் ஆட்ட வாழ்க்கையும் முடிந்திருந்தது. 1975-இல் வேறு இரண்டு பிட்சர்கள் மூலம் கதவு திறந்தது.

நான் அப்போது எச்-1பி விசாவில் பன்னிரண்டாவது வருஷம். பச்சை அட்டை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். என் மனுவில் முதல் பெயர் கம்பெனியுடையது, என் பெயர் அதற்குக் கீழே. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனும் கோடிக்கணக்கில் வாங்குகிற ஆட்டக்காரனும் அடிமைத்தனம் பற்றிப் பேசுவது அபத்தம் என்று எனக்குத் தெரியும். ஃப்ளட்டுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் என்னை வேறு கம்பெனிக்கு மாற்றினால் வரிசையில் என் இடம் என்னாகும் என்று இரவு இரண்டு மணிக்கு யோசித்தவனுக்கு, 'கன்ட்ரோல்' என்ற சொல்லை ஒரு பீர் கோப்பையோடு சேர்த்து விழுங்க முடியவில்லை. கீழ்நிலை அணிகளில் கோடியும் கிடையாது. எங்களுக்குப் பக்கத்தில் எவரெட்டில் ஆடும் அக்வாசாக்ஸ் மாதிரி ஹை-ஏ நிலை அணிகளில் 2023-க்கு முன்னால் குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 11,000 டாலர். யூனியன் வந்த பிறகுதான் 27,300 ஆனது.

எவரெட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் கோடை வழக்கம். டிக்கெட் மலிவு, ஆட்டக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில். அவள் ஜாதகமெல்லாம் பார்ப்பதில்லை. யார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார் என்பதுதான் அவள் அளவுகோல். பெரிய அணியில் அவளுக்கு எஹெனியோ சுவாரெஸ். 2022-இல் சின்சினாட்டியிலிருந்து வந்தவர். ஸ்ட்ரைக்அவுட் ஆனாலும் முகம் கோணாதவர். 2023 நவம்பரில் சம்பளச் சுமை குறைய வேண்டும் என்று அவரை அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டாள்: "அவரை ஏம்பா அனுப்பினாங்க? நல்லா ஆடலையா?" "ஆடினாரு." "அப்ப?" நான் சம்பளம், பட்ஜெட், டி.வி. வருமானம் என்று ஏதோ சொன்னேன். "அவர்கிட்ட கேட்டாங்களா?" என்றாள். இல்லை என்றேன். அவர் பெயர் போட்ட சட்டையை அவள் கழற்றவும் இல்லை, அதைப் பற்றி மேலே பேசவும் இல்லை.

ட்ரேட் என்பதில் ஒரே ஒரு முறைதான் நான் அழகைப் பார்த்தேன். 2012 ஜூலை 23. யாங்கீஸ் சியாட்டிலுக்கு ஆட வந்திருந்தது. மத்தியானம் இச்சிரோவை அதே யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவரே கேட்டுக்கொண்டது. மைதானத்தில் இந்தப் பக்கத்து அறையிலிருந்து அந்தப் பக்கத்து அறைக்கு நடந்துபோய் சாம்பல் சட்டையில் வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் குனிந்து வணங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்றவர் ரொம்ப நேரம் உட்காரவில்லை. பதிலுக்கு வந்த இரண்டு பிட்சர்கள் பெயரை அன்று எங்கள் வரிசையில் யாருமே கேட்கவில்லை.

அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அணி நிர்வாகம் "நம்ம பையன்கள் 2028-இல் தயாராகிடுவாங்க" என்கிற மாதிரி பேசும்போதெல்லாம், "நான் தயாரா இருக்கணுமே" என்பார். சிரிப்புக்குச் சொல்வது இல்லை அது. உலகத் தொடருக்கே போகாத ஒரே அணி மரினர்ஸ்தான். ப்ராஸ்பெக்டுகளைச் சேர்த்து வைப்பது இருபது வயதுக்காரர்களுக்குப் புத்திசாலித்தனம். இவருக்கு ஒவ்வொரு ஜூலையும் ரொக்கம்தான், செக் வேண்டாம்.

2025 ஜூலைக் கடைசியில் சுவாரெஸைத் திரும்ப வாங்கினார்கள். மூன்று இளைஞர்களைக் கொடுத்து. மகள் அலமாரியிலிருந்து சட்டையை எடுத்தாள், கை குட்டையாகிவிட்டது. வந்தவர் சரியாக ஆடவில்லை. சராசரி 0.200-ஐத் தொடவில்லை. ரேடியோவில் கூப்பிடுகிறவர்கள் "எதுக்கு இந்தக் கிழவனை வாங்கினீங்க, அந்தப் பையன்களை வச்சிருக்கலாமே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அக்டோபர் 17, டொராண்டோவுடன் ஐந்தாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள். சுவாரெஸ் அடித்த பந்து வலதுபுறச் சுவரைத் தாண்டியது. கராஜில் மூன்று பேரும் என்ன செய்தோம் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை, ஒரு நாற்காலி உடைந்திருந்தது. உலகத் தொடருக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றி.

ஆறாவது ஆட்டம் போயிற்று. ஏழாவதில் 3-1 என்று முன்னால் இருந்து, ஏழாவது இன்னிங்ஸில் ஜார்ஜ் ஸ்பிரிங்கரின் மூன்று ரன் அடியில் 4-3 என்று போயிற்று. யாரும் பேசவில்லை. அவர் டி.வி.யை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மகளிடம், "சுவாரெஸுக்குப் பதிலா யாரையெல்லாம் கொடுத்தோம்?" என்று கேட்டார். அவள் விரல் விட்டுச் சொன்னாள்: டைலர் லாக்லியர், ஹண்டர் கிரான்டன், ஹுவான் பர்கோஸ். லாக்லியரை எவரெட்டில் பார்த்திருக்கிறோம், பந்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார் என்றாள். "நல்லா அடிப்பானா?" "அடிப்பார், தாத்தா." சரி என்று தலையாட்டி, எந்தக் கை ஆட்டக்காரன் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.